புகைக்கு மரத்தின் பெயர் தெரியாது

வீட்டுக் கொல்லையில் கிரில் வைத்து இறைச்சிக்குப் புகை போடக் கற்றுக்கொள்ளும் ஒருவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது ஓர் அட்டவணை. ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் இறைச்சிகள். ஆப்பிள் கட்டை கோழிக்கு. ஹிக்கரி பன்றி விலாவுக்கு. செர்ரி வாத்துக்கு. ஆல்டர் மீனுக்கு. மெஸ்கீட் மாட்டுக்கறிக்கு மட்டும், அதையும் அளந்து போட வேண்டும். அமெரிக்காவில் மரத்துண்டுப் பைகளின் பின்புறத்திலும் பார்பிக்யூ புத்தகங்களின் பின்னிணைப்பிலும் இது தவறாமல் இருக்கும். இறைச்சிக்கு ஏற்ற மரத்தைப் பிடித்துவிட்டால் பாதிச் சமையல் முடிந்தது என்பது இதன் பின்னால் உள்ள நம்பிக்கை. ஆப்பிள் இனிப்பான புகை தரும், மெஸ்கீட் முரட்டுப் புகை தரும், ஆகவே மரத்தின் இனமே சுவையின் முதல் காரணம் என்று இது சொல்கிறது.

இந்த நம்பிக்கை தவறானது. மரத்தின் இனத்துக்குச் சுவையில் பங்கே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிறு பங்கு உண்டு. ஆனால் கட்டை எவ்வளவு காய்ந்திருக்கிறது, எவ்வளவு பெரியது, அதற்கு எவ்வளவு காற்று கிடைக்கிறது, தீ எவ்வளவு சூடாக எரிகிறது என்ற நான்கும் சேர்ந்து செய்வதற்கு முன்னால் அந்தப் பங்கு மிகச் சிறியது. அட்டவணை சிறியதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதை நம்புகிறவர் தீயைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முதலில், இந்த ஜோடிப் பொருத்தங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம். சால்மன் மீனை எடுத்துக்கொண்டால் போதும். அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் சால்மனுக்கு ஆல்டர்தான் என்று அடித்துச் சொல்வார்கள். லண்டன் கிழக்குப் பகுதியில் 1905 முதல் சால்மன் பதப்படுத்தும் ஃபோர்மன் குடும்ப நிறுவனம் பயன்படுத்துவது ஓக். ஜெர்மனியில் மீனுக்கும் இறைச்சிக்கும் வழக்கமான புகை மரம் பீச். மீன் ஒன்றே. ஒவ்வோர் ஊரிலும் அதற்குப் 'பொருத்தமான' மரம் மட்டும் மாறுகிறது, அது எப்போதும் அந்த ஊர்க் காட்டில் மலிவாகக் கிடைக்கும் மரமாகவே இருக்கிறது. கரோலினாவில் ஓக்கும் ஹிக்கரியும், மத்திய டெக்சாஸில் போஸ்ட் ஓக், கலிபோர்னியாவின் சான்டா மரியாவில் கடற்கரையோர ஓக், தெற்கு, மேற்கு டெக்சாஸில் மெஸ்கீட். லாக்ஹார்ட் நகரின் க்ரைட்ஸ் மார்க்கெட் 1900-இல் இறைச்சிக் கடையாகத் தொடங்கியபோது, இருபது மரங்களைச் சுவைத்துப் பார்த்துப் போஸ்ட் ஓக்கைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. பக்கத்தில் நின்றது அந்த மரம். விறகு வண்டி கொண்டுவந்ததை எரித்தார்கள், எரித்ததில் தேர்ச்சி பெற்றார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தத் தேர்ச்சிக்கான பெருமையை மரத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அட்டவணையின் விதிகளை மீறியே பெயர் வாங்கிய கடைகளும் ஊர்களும் ஏராளம். ஹிக்கரி கோழியை அமுக்கிவிடும் என்கிறது அட்டவணை. அலபாமாவின் டிக்கேட்டரில் பிக் பாப் கிப்சன் 1925-இல் தொடங்கிய கடை ஹிக்கரித் தீயில் சுட்ட கோழியை வெள்ளைச் சாஸில் முக்கித் தந்துதான் நாடறியப் புகழ்பெற்றது. டெக்சாஸ் லெக்சிங்டனில் உள்ள ஸ்னோஸ் கடையை 2008-இல் 'டெக்சாஸ் மன்த்லி' இதழ் மாநிலத்தின் முதலிடத்தில் வைத்தது. அங்கே டூட்ஸி டோமனெட்ஸ் என்ற முதிய பெண்மணி தணலை மண்வெட்டியால் அள்ளிப் போட்டுச் சமைக்கும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தக் கடையில் கோழி, பன்றிக்கறி, மாட்டு நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட் எல்லாவற்றுக்கும் ஒரே போஸ்ட் ஓக்தான். கோழிக்குத் தனி மரம், பன்றிக்குத் தனி மரம் என்று பிரிப்பதில்லை. உண்பவர்களும் குறை சொல்லவில்லை.

மெஸ்கீட்டுக்கு இதைவிடக் கெட்ட பெயர் உண்டு. அதன் நெருங்கிய உறவான கியாவே மரத்தை 1828-இல் பாதிரியார் அலெக்சிஸ் பாஷ்லோ ஹவாயில் நட்டார். அது தீவுகளெங்கும் பரவியது. இன்று ஹவாயின் புகழ்பெற்ற இரண்டு உணவுகள், குழியில் வேகும் காலுவா பன்றியும் கம்பியில் புரட்டிப் புரட்டிச் சுடும் ஹுலி ஹுலி கோழியும், இந்த மரத்தின் தீயோடு இணைத்தே பேசப்படுகின்றன. பன்றி, கோழி என இரண்டுமே அட்டவணை மெஸ்கீட்டுக்கு விலக்கி வைத்த இறைச்சிகள். அட்டவணை சரியென்றால் ஹவாய்க்காரர்களின் நாக்கு தலைமுறை தலைமுறையாகத் தவறாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்து, 'ஆப்பிள் மரப் புகை இனிக்கும், பழவாசம் வீசும்' என்ற வாதம். ஆப்பிள் பழத்தின் மணம் பழத்தில் உருவாகும் எஸ்டர்கள் என்ற ஆவியாகும் சேர்மங்களால் வருவது. பழம் பழுக்கும்போது அதன் சதையிலும் தோலிலும் அவை பிறக்கின்றன. அடிமரத்தில் அவற்றுக்கு வேலையில்லை. ஆப்பிள் கட்டையானாலும் ஓக் கட்டையானாலும் பெரும்பங்கு மூன்று பொருள்களே: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். சூடு ஏறும்போது ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஹெமிசெல்லுலோஸ் முதலில் சிதைகிறது, பிறகு செல்லுலோஸ். லிக்னின் அகலமான வெப்ப எல்லையில், 500 டிகிரி வரைகூட மெல்லச் சிதைகிறது. முதல் இரண்டும் இறைச்சிக்கு நிறத்தையும் லேசான இனிப்பு மணத்தையும் புளிப்பு அமிலங்களையும் தருகின்றன. லிக்னினிலிருந்து வருபவை குவாயகால், சிரிங்கால் போன்ற பீனால்கள். 'புகை வாசனை' என்று மூக்கு அடையாளம் காண்பது பெரும்பாலும் இவற்றைத்தான். அகன்ற இலை மரங்கள் எல்லாவற்றிலும் இதே பட்டியல்தான். விகிதத்தில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும். அந்த ஏற்ற இறக்கமும் ஒரே மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் பட்டைக்கும் இடையிலேயே காணக்கூடியது.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி வருகிறது. ஹிக்கரி காரமாகவும் ஆல்டர் மென்மையாகவும் இருப்பதைச் சாப்பிட்டவர்கள் சொல்கிறார்களே, அது பொய்யா? பொய் இல்லை. ஆனால் அதற்கு மணத்தின் நுட்பத்தைத் தேடிப் போகுமுன் தராசை எடுக்க வேண்டும். மேடிசனில் உள்ள அமெரிக்க வன உற்பத்தி ஆய்வகத்தின் கையேட்டில் ஷாக்பார்க் ஹிக்கரியின் ஒப்படர்த்தி 0.72, செம்மை ஆல்டருடையது 0.41, கருஞ்செர்ரியுடையது 0.50. அதாவது ஒரே அளவிலான கைப்பிடிக் கட்டையில் ஹிக்கரி, ஆல்டரைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு எடை. வீட்டுச் சமையல்காரர்கள் கட்டையை எண்ணிப் போடுகிறார்கள், எடை போட்டுப் போடுவதில்லை. 'மூன்று துண்டு ஹிக்கரி' என்றால் ஏறக்குறைய ஐந்து துண்டு ஆல்டருக்குச் சமமான விறகு. புகை கூடுதலாக இருந்ததில் வியப்பில்லை. காரம், மென்மை என்று அட்டவணை வகைப்படுத்துவதில் கணிசமான பகுதி அடர்த்தியின் வேலை என்று கருதவே இடமிருக்கிறது.

பையில் எழுதிய பெயரையே முழுதாக நம்ப முடியாத இடமும் ஒன்று உண்டு. பெல்லெட் அடுப்புகளுக்கான மரத்தூள் உருளைகளைச் சில தயாரிப்பாளர்கள் ஓக் அல்லது ஆல்டர் தூளை அடிப்படையாக வைத்து, பெயரில் உள்ள மரத்தை ஒரு பங்கு மட்டும் சேர்த்துச் செய்கிறார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு 'செர்ரியின் மணம்' என்று மகிழ்கிறவர் எந்த மரத்தைப் பாராட்டுகிறார்?

இனி தீயின் பக்கம் வரலாம். கட்டுரையின் முழு எடையும் இங்கேதான் இருக்கிறது.

ஒரே கட்டை இரண்டு விதமான புகை தரும். காய்ந்த கட்டை, நல்ல காற்றோட்டத்தில், சூடான தணல்மேல் எரியும்போது அதிலிருந்து கிளம்பும் வாயுக்களில் பெரும்பகுதி தீயிலேயே எரிந்துவிடும். மிஞ்சுவது மெலிந்த, நீலச் சாயல் கொண்ட புகை. அந்த நீலத்துக்குக் காரணம், அதன் துகள்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டரைவிட, சிறியவையாக இருப்பது. சிறிய துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். அதே கட்டையை, தீ சூடாகுமுன்பே போட்டு, மூடியின் காற்றுத் துளையை அடைத்துவிட்டால் அது எரியாமல் புகையும். அடர்ந்த வெள்ளைப் புகை வரும். அதில் பெரிய துகள்கள், நீராவி, எரியாத தார்ச் சொட்டுகள், அமிலங்கள் எல்லாம் இருக்கும். அவை இறைச்சியின் குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில் படிந்து ஒட்டிக்கொள்ளும். கடித்தால் நாக்கு மரத்துப்போகும் கசப்பு.

இந்தக் கசப்பு வீட்டுக் கெட்டில் அடுப்புகளில் வரும் விதம் எப்போதும் ஒன்றே. சமைப்பவர் கரியை நிறையப் போட்டுவிடுகிறார். சூடு ஏறுகிறது. இறைச்சியை 110 டிகிரி சுமாரில் வேகவைக்க வேண்டுமே என்று துளைகளை மூடுகிறார். தீ மூச்சுத் திணறுகிறது. மேலே கிடக்கும் கட்டை வெள்ளையாகப் புகைகிறது. நான்கு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டுவிட்டு, 'மெஸ்கீட் நமக்கு ஒத்துவராது, அடுத்த முறை ஆப்பிள் வாங்கலாம்' என்று முடிவெடுக்கிறார். அடுத்த முறை பை மாறுகிறது. துளைகள் அதேபோல் மூடியிருக்கின்றன. இந்தச் சுற்றிலிருந்து அவரை வெளியே கொண்டுவர அட்டவணையில் ஒரு வரியும் இல்லை. கரியைக் குறைத்துப் போட்டு, சிறிய தீயை நன்றாகக் காற்றோடு எரியவிடுங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் வாங்கி வைத்த மெஸ்கீட்டே போதுமானதாக இருந்திருக்கும்.

அதற்குச் சாட்சி டெக்சாஸின் லானோ நகரில் இருக்கிறது. அங்கே கூப்பர்ஸ் கடையில் எரிப்பது மெஸ்கீட்தான். ஆனால் கட்டையை இறைச்சிக்கு அடியில் போடுவதில்லை. தனியாக ஒரு பெரிய அடுப்பில் அதை எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலை அள்ளி இறைச்சித் தொட்டிகளுக்குள் பரப்புகிறார்கள். கட்டையின் முதல் முரட்டுப் புகை வேறிடத்தில் போய்விடுகிறது. தணலில் எஞ்சுவது சூடும், அதன்மேல் சொட்டும் கொழுப்பு எரிந்து எழும் மணமும். மெஸ்கீட்டின் 'சுபாவம்' என்று அட்டவணை எழுதியது எரிப்பவரின் முறையைப் பொறுத்து வருகிறது, போகிறது.

தமிழ் வாசகருக்கு இதை நம்ப லானோ வரை போக வேண்டியதில்லை. மெஸ்கீட் என்று அமெரிக்கர்கள் அழைக்கும் மரக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் சீமைக் கருவேலம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் அதைப் பச்சையாக அடுப்பில் வைத்தால் கண்ணைப் பிடுங்கும் புகை. அதே கட்டையைக் கரிமூட்டத்தில் அடுக்கி, மண் பூசி மூடி, காற்றைக் கட்டுப்படுத்திப் பல நாள் கனலவிட்டு எடுத்தால் கிடைக்கும் கரியில் அந்த முரட்டுத்தனம் இல்லை. எரிந்து ஓட வேண்டிய ஆவிப்பொருள்கள் மூட்டத்திலேயே ஓடிவிடுகின்றன. அந்தக் கரி எத்தனையோ சுட்ட கோழிக் கடைகளின் அடுப்புகளுக்குப் போகிறது. மூட்டம் போடுபவர்கள் எந்த அட்டவணையும் படிக்காமலே கற்றுவைத்திருப்பது, ஒரே மரம் கையாளும் முறையால் இரண்டு பொருளாகிறது என்ற உண்மையை. இணையக் கடையில் ஹிக்கரிச் சீவல் பொட்டலத்துக்குப் பணம் கொடுக்கும் தமிழ்நாட்டு வீட்டுச் சமையல்காரர், நன்றாகக் காய்ந்த கொய்யாக் கட்டையை முதலில் முயன்று பார்ப்பதே நியாயம். ஹவாயில் கொய்யா மரமும் புகைக்குப் பயன்படுகிறது.

இனத்தைப் பற்றி ஒப்புக்கொள்ள வேண்டியவை இரண்டு உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஒன்று, பைன் போன்ற ஊசியிலை மரங்கள். அவற்றில் லிக்னின் 25 முதல் 35 சதவீதம். அகன்ற இலை மரங்களில் பெரும்பாலும் 18 முதல் 25. லிக்னினின் அமைப்பும் வேறு, சிரிங்கால் தரும் அலகுகள் ஊசியிலை மரத்தில் மிகக் குறைவு. பிசினும் சேர்ந்து கரிப்புகை கக்கும். வீட்டில் தவிர்ப்பதே நல்லது. ஆனாலும் ஜெர்மனியின் கருங்காட்டுப் பன்றித் தொடைக்கறி ஊசியிலை மரப் புகையில்தான் பதப்படுகிறது. சீனாவின் லாப்சாங் சூசோங் தேயிலையும் பைன் புகையில் உலர்கிறது. அங்கேயும் கைவந்த முறைதான் அந்த மரத்தை உண்ணத்தக்கதாக்குகிறது. இரண்டாவது, ஜமைக்காவின் பிமென்டோ. ஆல்ஸ்பைஸ் என்ற மசாலாக் காயைத் தரும் அதே மரம் அது. அதன் கட்டையும் இலையும் தீயில் தனி மணம் தருகின்றன. ஜெர்க் கோழியிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. மரமே வாசனைப் பொருளாக இருக்கும் இத்தகைய அரிய இடத்தில் இனம் உண்மையிலேயே பேசுகிறது. ஓக்குக்கும் ஹிக்கரிக்கும் ஆப்பிளுக்கும் அந்தத் தகுதியை நீட்டிக் கொடுப்பதுதான் பிழை.

அட்டவணையோடு கூடவே விற்கப்படும் இன்னொரு அறிவுரை, கட்டையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைப்பது. ஊறினால் மெதுவாக எரிந்து அதிகப் புகை தரும் என்கிறார்கள். படகும் பீப்பாயும் மரத்தால் செய்யப்பட்டவை என்பதை எண்ணிப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும். மீட்ஹெட் என்ற பெயரில் எழுதும் அமெரிக்க பார்பிக்யூ எழுத்தாளர் கோல்ட்வின் இதைச் சோதித்துப் பார்த்து, ஊறிய துண்டுகள் சொற்பத் தண்ணீரே குடிக்கின்றன என்று காட்டியிருக்கிறார். குடித்த அந்தச் சொற்பமும் கெடுதலே செய்கிறது. கட்டையின் மேற்பரப்பிலுள்ள நீர் வெளியேறும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, மரம் சிதையத் தேவையானதோ 200. முதலில் 'புகை' என்று பார்த்து மகிழ்வது நீராவி. அதற்குள் தணலும் குளிர்ந்து, பின்னால் வரும் உண்மையான புகை வெள்ளைப் புகையாக வருகிறது.

ஆஸ்டினில் 2009-இல் ஒரு டிரெய்லரில் கடை தொடங்கி உலகப் பெயர் பெற்ற ஏரன் ஃபிராங்க்ளின், 2015-இல் வெளியான தன் நூலில் விறகுக்கும் தீக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருக்கிறார். அவர் எரிப்பது போஸ்ட் ஓக். ஆனால் வலியுறுத்துவது விறகு எவ்வளவு காலம் காய்ந்தது, எப்படிப் பிளந்தது, தீ சுத்தமாக எரிகிறதா என்பவற்றை. புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதியளவுகூட நீர் இருக்கும். காற்றோட்டத்தில் அடுக்கி மாதக்கணக்கில் உலர்ந்த விறகில் அது 20 சதவீதத்துக்கு அருகே இறங்கும். சூளையில் காயவைத்த பைக் கட்டைகள் இன்னும் உலர்ந்திருக்கும்; அவை வேகமாகப் பற்றும், ஆகவே சற்றுப் பெரிய துண்டாக இருப்பது நல்லது.

அளவும் அப்படித்தான். சீவல்கள் சில நிமிடங்களில் பற்றி எரிந்து முடிந்துவிடும். கைப்பிடி அளவுத் துண்டு அரைமணி நேரம் நின்று எரியும். நீண்ட நேரம் வேகும் பன்றித் தோளுக்குத் துண்டு, பத்து நிமிடத்தில் வேகும் மீனுக்குச் சீவல் என்று பார்ப்பது, மீனுக்கு ஆல்டர் என்று பார்ப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும். வீட்டு அடுப்பில் ஒரு கோழிக்கு நூறு கிராம் சுமாருக்கு மேல் கட்டை தேவைப்படுவது அரிது.

இறைச்சியை வெட்டினால் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தை நல்ல மரத்தின் முத்திரையாகக் காட்டுபவர்களும் உண்டு. தீயில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறைச்சியின் மயோகுளோபினோடு சேர்வதால் வரும் நிறம் அது. பதப்படுத்தும் உப்பைத் தடவினால் புகையே இல்லாமலும் வரும். அதனால்தான் கேன்சஸ் சிட்டி பார்பிக்யூ சங்கம் தன் நடுவர்களிடம் அந்த வளையத்துக்கு மதிப்பெண் தர வேண்டாம் என்கிறது.

மரத்தின் பெயர் உண்மையிலேயே கவலைப்பட வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அட்டவணைகள் பெரும்பாலும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அரளி, எட்டி, தில்லை போன்ற நச்சு மரங்கள் சமையல் தீயின் பக்கமே வரக்கூடாது. வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, கரையானுக்கு மருந்தேற்றிய தேக்குச் சட்டம் எதுவும் ஆகாது. தாமிரமும் குரோமியமும் ஆர்சனிக்கும் ஏற்றிய மரங்கள் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு விற்பது 2003 இறுதியோடு நிறுத்தப்பட்டது. பழைய வேலிகளில் இன்னும் நிற்கின்றன. சரக்குப் பெட்டிப் பலகையில் 'எம்.பி.' முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு வாயு ஏற்றியது. பூஞ்சை பிடித்த கட்டையையும் ஒதுக்க வேண்டும்.

உடல்நலக் கணக்கிலும் இனம் பல காரணிகளில் ஒன்று மட்டுமே. புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் முதல் புகையிட்ட இறைச்சியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் அதைக் கூட்டுவதில் முன்னிற்பது, கொழுப்பு நேராகத் தீயில் சொட்டிக் கொழுந்துவிட்டு எரிவது. இறைச்சியைத் தணலுக்கு நேர்மேலே வைக்காமல் ஓரமாக வைத்து, அடியில் ஒரு தட்டைச் செருகினால் பெருமளவு குறையும். ஆப்பிளா ஹிக்கரியா என்ற கேள்வி அங்கே உதவாது.

அட்டவணையை இன்னும் நம்புகிறவர் தானே சோதித்துக்கொள்ளலாம். ஒரே அளவு காய்ந்த ஓக்கையும் ஆப்பிளையும் சம எடையில் எடுத்து, ஒரே மாதிரி அடுப்பு, ஒரே மாதிரி தீ, ஒரே கோழியின் இரு பாதிகள் என்று வைத்து, எது எது என்று சொல்லாமல் வீட்டாருக்குப் பரிமாறட்டும். பிறகு ஓக்கை மட்டும் வைத்து, ஒரு பாதியைத் துளை திறந்த தீயிலும் மறு பாதியைத் துளை மூடிய தீயிலும் சுட்டுக் கொடுக்கட்டும். இரண்டாவது சோதனையின் வித்தியாசத்தைக் குழந்தைகளும் முதல் வாயிலேயே சொல்லிவிடுவார்கள். விறகுக் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அப்போது மாறிவிடும்: இந்தக் கட்டை வெட்டி எத்தனை மாதமாகிறது, மழையில் நனைந்ததா, மருந்தடித்ததா?